டெலிவரன்ஸ்: முப்பது வருஷம் கழித்துப் பார்த்த கடைசி இருபது நிமிடம்

இந்தப் படத்தின் முதல் முக்கால் பாகத்தை நான் 1994-இல் பார்த்தேன். மிச்சத்தைப் போன மாதம்தான் பார்த்தேன்.

அப்போது ஈரோட்டில் பி.காம். இரண்டாம் வருஷம். நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் பார்ப்போம். இரண்டு நாங்கள் கேட்ட படமாக இருக்கும். மூன்றாவது, கடைக்காரர் கைக்கு எது வருகிறதோ அது. அப்படி வந்ததுதான் இந்தப் படம். உறையில் பெயரே கிடையாது. வெள்ளைக் காகிதத்தில் ‘காட்டுப் படம், இங்கிலீஷ்’ என்று நீல மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அந்த இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. நாலு பேர் ஒரு காட்டாற்றில் படகு விடப் போகிறார்கள் என்பது புரிந்தது. நாங்களும் நாலு பேர் என்பதால் ஆளுக்கொருவரைப் பங்கு போட்டுக்கொண்டோம். கையில்லாத ரப்பர் சட்டை போட்டு, வில்லோடு நிற்கிற ஆள் எனக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கினேன். படம் நடுப்பகுதிக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. பீடி பற்ற வைத்திருந்தவன் அது அணைந்துபோனதைக்கூடப் பார்க்கவில்லை.

செத்துப்போன நண்பனின் உடம்பில் கல்லைக் கட்டி ஆற்றில் இறக்குகிற இடம் வந்தது. அப்போது திரையில் கோடு கோடாக ஓடி, ஒரு கல்யாணம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணம். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் இணைச்சீர்ச் சடங்கைச் செய்துகொண்டிருந்தார், மாப்பிள்ளையின் அக்கா கூறைச் சேலையைப் பிடித்து நின்றிருந்தார். யாரோ அந்த கேசட்டின் கடைசிப் பகுதி மேலேயே தங்கள் வீட்டு விசேஷத்தைப் பதிந்துவிட்டார்கள். மறுநாள் கடையில் போய்க் கேட்டால், “வேற காப்பி இல்லீங்க தம்பி” என்றார்கள். அவ்வளவுதான். அந்த நாலு பேரில் மிஞ்சியவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாமலே முப்பது வருஷம் ஓடிப்போனது.

இப்போது அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ப்ளூரே தட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். மஞ்சள் மண்டியில் கணக்கு முடித்துவிட்டு வந்த ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முடிவு தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படம் வந்தது 1972-இல். இயக்கியவர் ஜான் பூர்மன். ஜேம்ஸ் டிக்கி என்ற கவிஞர் 1970-இல் எழுதிய நாவல்தான் கதை. திரைக்கதையும் அவர் பெயரில்தான் இருக்கிறது, கடைசியில் வருகிற ஷெரீஃபாக, அதாவது அந்தப் பக்கத்துப் போலீஸ் அதிகாரியாக, நடித்ததும் அவரேதான். அட்லாண்டா நகரத்து ஆட்கள் நாலு பேர், அணை கட்டி மூழ்கப்போகிற ஒரு ஆற்றை, மூழ்குவதற்கு முன்னால் ஒருதடவை படகில் கடந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். லூயிஸாக பர்ட் ரெனால்ட்ஸ், எட் என்கிறவராக ஜான் வாய்ட், பாபியாக நெட் பீட்டி, ட்ரூவாக ரானி காக்ஸ். பின்னிரண்டு பேருக்கும் இதுதான் முதல் படம். நம்பவே முடியாது. ஆற்றுக்குக் கதையில் வைத்த பெயர் கற்பனை. படம் பிடித்தது ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லையாக ஓடுகிற சட்டூகா ஆற்றில்.

முதலில் படத்தின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கேசட்டில் பார்த்தபோது எல்லாமே அழுக்குப் பச்சையாகத் தெரிந்தது. காப்பி மோசம் என்று நினைத்திருந்தேன். ப்ளூரேயிலும் அந்தக் காடு அப்படித்தான் இருக்கிறது! காடு கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்துவிடக் கூடாது என்று பூர்மனும் ஒளிப்பதிவாளர் வில்மோஸ் சிக்மண்டும் வேண்டுமென்றே நிறத்தை வடித்திருக்கிறார்கள். மார்கழிக் காலையில் பவானி ஆற்றங்கரையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாம்பல் கலந்த பச்சை தெரியுமே, ஏறக்குறைய அந்த நிறம். தட்டின் தரத்தில் குறையே சொல்ல முடியாது. தண்ணீர் பாறையில் மோதித் தெறிப்பது துளித்துளியாகத் தெரிகிறது. தமிழில் வசன வரிகள் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகியவர்களுக்கும் சிரமம்தான். பூர்மன் பேசியபடியே கூட வருகிற விளக்கவுரையும், படம் எடுத்த கதையைச் சொல்லும் நாலு பகுதி ஆவணப்படமும் இருக்கின்றன. இரண்டையும் நான் விடாமல் பார்த்தேன்.

பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வருகிற காட்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நானும் கொஞ்சம் பேசியாக வேண்டும். பெட்ரோல் போட நிற்கிற இடத்தில் ட்ரூ கிட்டாரைச் சும்மா மீட்டுகிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பையன் பாஞ்சோவில் பதில் வாசிக்கிறான். மெதுவாக ஆரம்பித்து, ஒருவரை ஒருவர் விரட்டி, கடைசியில் ட்ரூவால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அந்தப் பையன் பில்லி ரெட்டனுக்கு உண்மையில் பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொரு பையன் அவன் சட்டைக் கைக்குள் கைவிட்டு வாசிக்கிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். நாம் கேட்கிற இசை எரிக் வைஸ்பெர்க்கும் ஸ்டீவ் மாண்டலும் வாசித்தது. 1973-இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. இத்தனை தெரிந்த பிறகும், வாசித்து முடித்ததும் ட்ரூ கை நீட்ட, அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே, அந்த இடத்தில் எனக்கு இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, படகுகள் தொங்குபாலத்துக்கு அடியில் போகும்போது அதே பையன் மேலே நின்று பார்க்கிறான். பாஞ்சோ அவன் கையில் கடிகாரத்து நாக்கு மாதிரி ஆடுகிறது. ட்ரூ கையசைக்கிறார், அவன் அசைக்கவில்லை.

நடித்தவர்களின் உடம்பு பட்ட பாடு படத்தில் அப்படியே தெரிகிறது. படகு ஓட்டியதும் நீரில் விழுந்ததும் பெரும்பாலும் அவர்களேதான். பாறையில் ஏறுவது ஜான் வாய்ட்தான். அருவியில் பொம்மையை விட்டுப் பார்த்தார்களாம், பொம்மையாகவே தெரிந்ததாம். நானே போகிறேன் என்று இறங்கிய ரெனால்ட்ஸுக்கு முதுகுத்தண்டின் அடி எலும்பு உடைந்தது. ட்ரூவின் பிணம் கிடைக்கிறபோது ஒரு கை கழுத்துக்குப் பின்னால் சுற்றிக் கிடக்கும். மேக்கப் என்றுதான் முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். ரானி காக்ஸின் தோள்மூட்டு நிஜமாகவே அப்படித் திரும்புமாம்.

நடுவில் வருகிற அந்தக் காட்சியைப் பற்றி. கரையில் ஒதுங்குகிற எட்டையும் பாபியையும் இரண்டு மலைக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பாபிக்கு நடப்பது பாலியல் வன்கொடுமை. பின்னணி இசை கிடையாது, கேமரா அவசரப்படுவதும் இல்லை. இருபத்தோரு வயதில் எங்களுக்கு அதை என்னவென்று சொல்லவே வார்த்தை இல்லை. எங்களில் பாபியைப் பங்கு வாங்கியிருந்தவன் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை இது. பெரியவர்களும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். நெட் பீட்டி முதல் படத்திலேயே இதை ஏற்றுக்கொண்டு, பிற்பாதி முழுக்க அந்த அவமானத்தைத் தோளிலும் நடையிலும் சுமந்திருக்கிறார். படத்தில் ஆகச்சிறந்த நடிப்பு அவருடையதுதான் என்பேன். பெயரும் புகழும் ரெனால்ட்ஸுக்குப் போனது.

லூயிஸ் அம்பு விட்டு அந்த மலைக்காரர்களில் ஒருவனைக் கொல்கிறார். பிணத்தை என்ன செய்வது என்று நாலு பேரும் காட்டுக்குள் நின்று வாதாடுகிறார்கள். போலீசிடம் போவோம் என்கிறார் ட்ரூ. இங்கேயே புதைப்போம், கொஞ்ச நாளில் இந்த இடமெல்லாம் ஏரிக்கடியில் போய்விடும், யார் தேடப் போகிறார்கள் என்கிறார் லூயிஸ். ஓட்டெடுப்பு நடக்கிறது. கைகளாலேயே மண்ணைத் தோண்டுகிறார்கள், நாய் தோண்டுவது போல.

லூயிஸின் அந்த ஏரி வசனம் கேசட்டில் எனக்குப் புரியவில்லை. வசன வரிகளோடு பார்த்தபோது நிறுத்திவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் அம்மா பிறந்த ஊர் பவானிசாகர் அணைக்குள் இருக்கிறது. தணாயக்கன் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊர். 1948-இல் அணை வேலையைத் தொடங்கி 1955-இல் முடித்தார்கள். தண்ணீர் கட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, கட்டை வண்டியில் தானியம், தட்டுமுட்டுச் சாமான், இரண்டு கதவு, இவற்றை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். கதவு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, “சுவத்த மண்ணுல கட்டிக்கலாம், இந்தக் கதவுக்கு மரம் எங்க போயித் தேடறது” என்றாராம். அந்தக் கதவுகளில் ஒன்று இப்போதும் மாமா வீட்டில் இருக்கிறது.

அப்பா ஊர் பெருந்துறைப் பக்கம். எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் கீழ்பவானி வாய்க்காலில் வருகிறது. இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாய்கிற வாய்க்கால் அது. ஆகஸ்டில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தால் அப்பா வாய்க்கால் கரையிலேயே போய் நிற்பார். அம்மா ஊரை மூடிய தண்ணீரில்தான் அப்பா ஊரில் நெல் விளைந்தது, நான் படித்தேன். சின்ன வயதில் இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு வறட்சி. அணையில் நீர் இறங்கி, கோட்டையின் இடிந்த சுவரும் மாதவராயப் பெருமாள் கோயிலும் வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு அம்மாவின் அம்மா, என் அமுச்சி, கிளம்பினார். நானும் கூடப் போனேன். பாளம் பாளமாக வெடித்த சேற்றில், கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, யாரையும் வழி கேட்காமல் நடந்தார். ஓரிடத்தில் பாதி புதைந்த ஒரு ஆட்டுக்கல் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, “இங்கதான் கண்ணு நம்ம வாசலு” என்றார். என் கண்ணுக்கு வாசல் எதுவும் தெரியவில்லை, சேறும் செத்த மீனும்தான் தெரிந்தன. பசிக்கிறது, போகலாம் என்று அழுதேன். இப்போது நினைத்தால் மனசு தாங்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். நான் பார்க்காமல் விட்ட அந்தக் கடைசி இருபது நிமிடம் இதுதான். மிஞ்சிய மூன்று பேரும் ஐன்ட்ரி என்ற ஊருக்கு வந்து சேர்கிறார்கள். லூயிஸின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஊர் கிளம்பிக்கொண்டிருக்கிறது. மரத்தால் கட்டிய தேவாலயத்தை அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோகிறார்கள், மணி தானாக ஆடி அடிக்கிறது. இடுகாட்டில் சவப்பெட்டிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டும் பாபியும் சாப்பிட உட்காருகிற மேசையில் ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு பாத்திரங்களை நகர்த்திக் கொடுக்கிறார்கள். எட்டுக்கு அழுகை உடைந்து வருகிறது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஷெரீஃபுக்குச் சந்தேகம் இருக்கிறது, நிரூபிக்க ஒன்றும் இல்லை. இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்கிறார். இந்த ஊர் நிம்மதியாகச் சாகட்டும் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார். அதைக் கதை எழுதியவரே ஷெரீஃபாக நின்று சொல்கிறார்.

அப்புறம் வீட்டில் எட்டுக்கு ஒரு கனவு. அமைதியான ஏரியிலிருந்து ஒரு கை மேலே வருகிறது.

இந்த இருபது நிமிடம் இல்லாமல் பார்த்தபோது, காட்டுக்குள் போன நல்லவர்களைக் கெட்டவர்கள் துரத்துகிற படமாகத்தான் எனக்கு மனசில் நின்றது. முழுதாகப் பார்த்தால் ஆரம்பம் முதலே அணைதான் படம் முழுக்க இருக்கிறது. பெயர் போடும்போதே வெடி வைத்து மலையை உடைக்கிறார்கள், அதன் மேல்தான் நாலு பேரின் பேச்சு ஓடுகிறது. சாகப்போகிற ஒரு பள்ளத்தாக்குக்குள் வேடிக்கை பார்க்க வந்த ஆட்கள் அவர்கள்.

இங்கேதான் படத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது. ஊரை இழக்கிற மக்கள் பக்கம் அதற்கு உண்மையான இரக்கம் இருக்கிறது, ஆனால் அது கடைசியில்தான் வருகிறது. அதுவரை மலைக்காரர் என்றால் பல்லில்லாத, விளங்காத, பயப்பட வேண்டிய ஆள். நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். படம் பார்த்து இரண்டு மாதத்தில், அறை நண்பன் ஒருவனின் அத்தை வீடு தெங்குமரஹடா என்ற காட்டு ஊரில் இருக்கிறது என்று நாலு பேரும் கிளம்பினோம். வீரப்பன் இருந்த காலம். வீட்டில் வேறு ஊர் பெயர் சொல்லிவிட்டுத்தான் போனோம். காராச்சிக்கொரை சோதனைச் சாவடியைத் தாண்டி, பஸ் காட்டுக்குள் ஆடி ஆடிப் போய் மாயாற்றங்கரையில் நிற்கும். அக்கரைக்குப் பரிசல்தான். வழியில் பார்த்த ஒவ்வொரு முகத்தையும் நான் அந்த கேசட்டின் கண்ணால்தான் பார்த்தேன்.

மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விட்டால் மாயாறு சொல்லாமல் ஏறும். நாங்கள் நடு ஆற்றில் இருந்தபோது ஏறியது. பரிசல் சுழல ஆரம்பித்ததும் ஒருவன் பயந்து எழுந்துவிட்டான். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து, அவன் இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் போனான். முதலை இருக்கிற ஆறு. “எந்திரிக்காதீங்க சாமி, உக்காருங்க, உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே பரிசல்காரர் ஒரு கையில் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார். மறு கையில் மூங்கிலை விடவே இல்லை. கரை ஏறியதும் தன் துண்டை அவிழ்த்து அவனுக்குத் தலை துவட்டிவிட்டார். காசு கொடுத்தோம். பரிசல் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ராத்திரி அத்தை வீட்டில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு வாசலில் படுத்தோம். யாரும் எங்களைத் துரத்தி வரவில்லை. அந்தப் பரிசல்காரர் முகத்தையும் பஸ்ஸில் நான் பயத்தோடுதான் பார்த்திருந்தேன்.

அந்த ஊரையும் இப்போது புலிகளுக்காக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

படம் அந்த வருஷம் சிறந்த படம், இயக்கம், படத்தொகுப்பு என்று மூன்று ஆஸ்கர் பரிந்துரை வாங்கி, ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஐம்பது வருஷம் தாண்டியும் ஒரு இடத்தில்கூடத் தொய்வு தெரியவில்லை. பாறை மேல் எட் குறிபார்த்துக் காத்திருக்கிற அந்தக் காலை நேரம், கை நடுங்கி நடுங்கி, அம்பு விட்ட பிறகும் சரியான ஆளைத்தான் கொன்றோமா என்று அவருக்கே உறுதியில்லாமல் போவது, இப்படி ஒரு இடத்தை நான் வேறு எந்தச் சாகசப் படத்திலும் பார்த்ததில்லை. வாங்கியோ இரவல் வாங்கியோ பாருங்கள். கடைசி வரைக்கும் பாருங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். முழுப் படத்தையும் அவருக்குப் போட எனக்கு மனசில்லை. ஐன்ட்ரி ஊருக்கு வந்து சேர்கிற இடத்திலிருந்து மட்டும் போட்டேன். இது எங்கேயோ அமெரிக்காவில், அணை கட்டுகிறார்கள், ஊர் மூழ்கப்போகிறது என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். சவப்பெட்டி தோண்டுகிற இடம் வந்ததும், “பொணத்தையெல்லாம் எடுத்துட்டுப் போறாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

“எங்கப்பாரு ஆத்தாவெல்லாம் அங்கயேதான் கெடக்கறாங்க. நாங்க கொலசாமி கோயில்ல ஒரு புடி மண்ணுதான் எடுத்துட்டு வந்தோம். மஞ்சத் துணியில முடிஞ்சு எங்கம்மா என்ற மடியில வெச்சாங்க. வண்டி மேட்டுக்கு வர்ற வரைக்கும் நான் அசையாம உக்காந்திருந்தேன், கொட்டீருமுன்னு.”

இதை அவர் இதுவரைக்கும் என்னிடம் சொன்னதில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. தட்டை எடுக்கப் போனேன்.

“அந்தக் கோயிலு வண்டீல போகுமே, அத இன்னொருக்கா போடு கண்ணு” என்றார்.